அழிந்த வார்சாவை எங்கே பார்ப்பது? ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகத்தின் இணையப் படக் காப்பகம்: ஒரு மதிப்பீடு

போருக்கு முந்தைய வார்சாவைப் பார்க்க யூடியூபில் தேடினால், முன்வரிசையில் வந்து நிற்பவை வண்ணம் ஏற்றி, நொடிக்கு 60 ஃபிரேமாக வழுவழுப்பாக்கிய காணொளிகள். கண்ணுக்குக் குளிர்ச்சிதான். எந்தத் தெரு, எந்த ஆண்டு, யாருடைய கேமரா என்று கேட்டால் மட்டும் விளக்கப் பெட்டியில் ஒரு வரி கிடைக்காது. இந்த மூன்றுக்கும் முடிந்தவரை பதில் சொல்லிவிட்டுப் படத்தைக் காட்டுவது வாஷிங்டனில் உள்ள அமெரிக்க ஹோலோகாஸ்ட் (நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலை) நினைவு அருங்காட்சியகத்தின் திரைப்படக் காப்பகம். இலவசம், பார்ப்பதற்குக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. பல படங்களின் தரம் சுமார். தேடல் பெட்டியிடம் கேட்கும் விதமாகக் கேட்டால்தான் தரும். ஆனாலும் அழிந்த ஊரை நிதானமாக ஆராய நினைப்பவர் முதலில் போக வேண்டிய இடம் இதுதான். காரணம் படமல்ல, படத்துக்குக் கீழே இருக்கும் குறிப்பு.

போலந்தின் தலைநகரான வார்சாவை வைத்து இந்தக் காப்பகத்தைச் சோதிப்பது பொருத்தம். 1939 செப்டம்பர் முற்றுகையில் ஒரு பகுதி, 1943இல் கெட்டோ (யூதர்களை அடைத்துவைத்த பகுதி) எழுச்சியை அடக்கியபோது இன்னொரு பகுதி, 1944 எழுச்சி தோற்ற பிறகு ஜெர்மன் வெடிவைப்புக் குழுக்கள் தெருத் தெருவாகத் தகர்த்தது மீதி என்று தவணை முறையில் அழிக்கப்பட்ட நகரம் அது. 1945 ஜனவரியில் கட்டடங்களில் ஏறத்தாழ 85 சதவீதம் போயிருந்தது. இன்று சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் பழைய நகரம் போருக்குப் பின் எழுப்பப்பட்டது. 1980இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததும் அந்த மறுகட்டுமானத்துக்காகத்தான். யூதக் கடைகளும் முற்றங்களும் நெருக்கியடித்த நலெவ்கி தெருவை யாரும் திரும்பக் கட்டவில்லை. இடிபாட்டுக் குவியல்மீதே முரானுவ் குடியிருப்பு எழுந்தது. நலெவ்கியின் ஒரு சிறு துண்டு மட்டும், பழைய கல்தளமும் டிராம் தண்டவாளமுமாக, ஆர்சனல் கட்டடத்துக்குப் பக்கத்தில் வேறு பெயரில் கிடக்கிறது. அந்தத் தெருவில் மனிதர்கள் நடந்ததைப் பார்க்கப் பழைய படச்சுருளை விட்டால் வேறு வழி கிடையாது.

உள்ளே போவதற்கு முன் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஸ்பீல்பெர்க் பெயரோடு தொடர்புடைய மூன்று இடங்கள் இருக்கின்றன. வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருப்பது ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் திரைப்பட, காணொளிக் காப்பகம். ஜெருசலேமின் ஹீப்ரூ பல்கலைக்கழகத்தில் இருப்பது ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் யூதத் திரைப்படக் காப்பகம். மூன்றாவது, அவர் 1994இல் தொடங்கிய ஷோவா அறக்கட்டளை; அங்கே இருப்பவை உயிர்பிழைத்தோரின் நேர்காணல்கள். ஊரைப் பார்க்க முதல் இரண்டும், ஊரைப் பற்றிக் கேட்க மூன்றாவதும். ஒன்றில் பார்த்ததை இன்னொன்றில் தேடி அலைபவர்கள் அதிகம்.

தேடல்

அருங்காட்சியகத்தின் தொகுப்புத் தேடல் பக்கத்தில் படம், புகைப்படம், கடிதம், பொருள், நேர்காணல் எல்லாமே ஒரே குளத்தில் கிடக்கும். வெறுமனே ஊர்ப்பெயரைத் தட்டினால் ஆவணப் பெட்டிகளும் வாய்மொழிச் சான்றுகளும்தான் குவியும். இடப்பக்க வடிகட்டியில் 'ஃபிலிம்' என்ற வகையை முதலில் சொடுக்கிவிடுங்கள். அடுத்து, ஆன்லைனில் பார்க்கக் கூடியவை மட்டும் என்று குறுக்குங்கள். பட்டியலில் இருப்பதெல்லாம் திரையில் ஓடாது. உரிமை வேறொருவரிடம் இருந்தால் குறிப்பு மட்டும்தான் கிடைக்கும். இது குறைதான் என்றாலும், படம் ஓடாவிட்டாலும் குறிப்பாவது கிடைக்கிறதே என்று எடுத்துக்கொள்ளலாம். மூலச் சுருள் எந்தக் காப்பகத்தில் இருக்கிறது என்பது அங்கேயே எழுதியிருக்கும்.

பெயரை எல்லா மொழி எழுத்துக்கூட்டலிலும் போட்டுப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் வார்சா, போலிஷில் வர்ஷாவா, ஜெர்மனில் வார்ஷாவ். வில்னியஸ் என்றால் வில்னா, வில்னோ. இன்றைய லிவிவ் என்றால் லுவூஃப், லெம்பெர்க். தெருப்பெயர் தெரிந்தால் அதையும் போடுங்கள். ஏனென்றால் காட்சிப் பட்டியலின் வாசகமும் தேடலுக்குள் வருகிறது. 'நலெவ்கி' என்று தேடுவது, 'யூதக் குடியிருப்பு' என்று தேடுவதைவிடக் குறைவாகத் தரும், ஆனால் சரியாகத் தரும். அந்தக் காலத்தில் அமெரிக்காவிலிருந்து ஊர் பார்க்கப் போனவர்கள் எடுத்த குடும்பப் படங்கள் பல, எடுத்தவரின் குடும்பப் பெயரில்தான் பதிவாகியிருக்கும். அவற்றைப் பிடிக்க வகைப் பட்டியலில் 'அமெச்சூர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அழிந்த ஊர்களைப் பொறுத்தவரை இந்த வகையே பொக்கிஷம். செய்திப்பட நிறுவனங்கள் அணிவகுப்பையும் அமைச்சரையும் எடுத்தன. சந்தையையும் முற்றத்தையும் வாசலில் முண்டியடிக்கும் பிள்ளைகளையும் எடுத்தவர்கள் சொந்தக்காரர்கள்.

பக்கத்தை வாசிக்கும் முறை

ஒரு படத்தின் பக்கத்தைத் திறந்ததும் ஓட்டு பொத்தானைத் தொடாமல் கீழே போங்கள். ஆர்ஜி-60 என்று தொடங்கும் எண்தான் அந்தக் காட்சித் தொகுதியின் அடையாளம். ஃபிலிம் ஐடி என்பது அது பதிவான நாடாவின் அடையாளம். இரண்டும் வேறு. தேதிக் களமும் இரண்டு உண்டு: நிகழ்வு நடந்த தேதி, படம் தயாரான தேதி. தொகுத்து வெளியிட்ட படங்களில் இவை இரண்டும் ஆண்டுக்கணக்கில் விலகும். அதற்கும் கீழே நிறமா கறுப்பு வெள்ளையா, படத்தின் தரம் 'குட்' என்பதா 'ஃபேர்' என்பதா, மூலம் 16 மி.மீ. சுருளா 35 மி.மீ. சுருளா, யாரிடமிருந்து வந்தது, பதிப்புரிமை யாரிடம் என்பதெல்லாம் வரிசையாக இருக்கும்.

காட்சிப் பட்டியல்தான் இந்தச் சேவையின் முதுகெலும்பு. எந்த இடத்தில் தொழுகைக்கூடம், எந்த இடத்தில் பெயர்ப்பலகை, எந்த இடத்தில் கேமரா இடமிருந்து வலமாகத் திரும்புகிறது என்று டைம்கோடோடு எழுதியிருப்பார்கள். புதிதாக வருபவர் தடுக்கி விழுவதும் இங்கேதான். பட்டியலில் 01:17:45 என்று இருக்கும், திரையில் ஓடும் படமோ எட்டு நிமிடம்கூட இருக்காது. இதற்குக் காரணம் பழைய நாடாப் பழக்கம். படச்சுருள்களைக் காணொளி நாடாவுக்கு மாற்றியபோது ஒரே நாடாவில் பல படங்களை அடுத்தடுத்துப் பதித்தார்கள். நாடாவின் கடிகாரத்தை ஒளிபரப்பு வழக்கப்படி 1 மணியிலிருந்து தொடங்கினார்கள். பட்டியலில் இருப்பது அந்த நாடாவின் நேரம். எனவே கழித்தல் கணக்கு போட வேண்டும். தொகுதி 01:14:20இல் தொடங்குவதாக இருந்து, நீங்கள் தேடும் காட்சி 01:17:45 என்றால், திரையில் 3 நிமிடம் 25 நொடிக்குப் போங்கள். சில பக்கங்களில் ஓரிரு நொடி முன்பின் விலகும்; பத்து நொடி முன்னால் இருந்தே ஓட்டிப் பார்ப்பது நல்லது. இந்தக் கணக்கு தெரியாதவர்கள் 'பட்டியல் தவறு' என்று விட்டுவிடுகிறார்கள். தவறில்லை, வேறு கடிகாரம்.

படத் தரத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். பெரும்பகுதி பழைய நாடாப் பிரதிகளிலிருந்து வந்தவை. 4:3 சட்டகம், குறைந்த நுணுக்கம், வேகமாக நகரும் பொருள்களின் ஓரத்தில் சீப்புப் பல்போல் கோடுகள். அந்தக் கோடுகள் சுருளில் இல்லாதவை. தொலைக்காட்சி முறையில் ஒரு சட்டகத்தை இரண்டு பாதியாகப் பிரித்துப் பதித்ததன் எச்சம். கோப்பு கையில் இருந்தால் விஎல்சி என்ற இலவசக் காணொளி மென்பொருளில் 'டி' விசையை அழுத்தினால் மறையும். 'இ' விசை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தும். யூடியூபில் நிறுத்திவைத்துக் காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளை அழுத்தினால் அதே வேலை நடக்கும். பெயர்ப்பலகையை வாசிக்க இந்த ஃபிரேம் நகர்த்தல் இல்லாமல் முடியாது. ஒரு ஃபிரேமில் மங்கிய எழுத்து அடுத்ததில் தெளிந்திருக்கும். கேமரா ஆடி நின்ற அந்த ஒரு கணத்தைப் பிடிப்பதுதான் வேலை.

வேகம்

பழைய படம் என்றாலே மனிதர்கள் குடுகுடுவென்று ஓடுவார்கள் என்று நம் மனதில் பதிந்துவிட்டது. அவர்கள் ஓடவில்லை, நாம்தான் ஓட்டுகிறோம். ஒலியில்லாத 16 மி.மீ. அமெச்சூர் கேமராக்கள் பொதுவாக நொடிக்கு 16 ஃபிரேம் எடுத்தன. அதை 24இல் ஓட்டினால் எல்லாமே ஒன்றரை மடங்கு வேகம். சரியான வேகத்துக்கு 0.67ஆகக் குறைக்க வேண்டும். விஎல்சியில் வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கலாம். உலாவியில் பார்ப்பவர்கள் வேகம் மாற்றும் நீட்சி ஒன்றைப் போட்டுக்கொண்டால் எண்ணையே எழுதிவிடலாம்.

கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் படத்தையும் குறைத்துவிடவும் கூடாது. நல்ல காப்பகம் பிரதி எடுக்கும்போதே வேகத்தைச் சரிசெய்திருக்கும். கண்டுபிடிக்க இரண்டு வழி. ஒன்று, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துங்கள். சீரான இடைவெளியில் ஒரே ஃபிரேம் இருமுறை வந்தால், அல்லது இரண்டு ஃபிரேம் கலந்த பேய் உருவம் வந்தால், ஏற்கெனவே சரிசெய்தாகிவிட்டது. இரண்டாவது இன்னும் எளிது: நிதானமாக நடக்கும் ஒருவரின் காலடியை எண்ணுங்கள். நொடிக்கு இரண்டு அடிக்குக் கொஞ்சம் கீழே இருந்தால் இயல்பு நடை. தெருவில் உள்ள அத்தனை பேரும் நொடிக்கு மூன்று அடி வைத்தால் படம் வேகமாக ஓடுகிறது.

சுருளின் அளவும் ஒரு சாட்சி. 16 மி.மீ. படத்தில் அடிக்கு 40 ஃபிரேம். 100 அடிச் சுருள் என்றால் 4,000 ஃபிரேம். 16இல் ஓட்டினால் 4 நிமிடம் 10 நொடி, 24இல் ஓட்டினால் 2 நிமிடம் 47 நொடி. முழுச் சுருள் என்று குறிப்பு சொல்லியும் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிட்டால் வேகத்தைச் சந்தேகியுங்கள். கேமரா சாவி முறுக்கி ஓடியது. ஒரு முறுக்குக்கு அரை நிமிடம் முன்னே பின்னே. ஒவ்வொரு காட்சியும் சில நொடியில் வெட்டுப்படுவது தொகுப்பாளரின் கைவண்ணமல்ல, சாவியின் வரம்பும் சுருளின் விலையும்.

ஒலி பற்றி ஒரே வாக்கியம் போதும்: இந்த அமெச்சூர் படங்கள் ஊமை, குதிரைக் குளம்பும் டிராம் மணியும் கேட்டால் பின்னால் யாரோ சேர்த்தது.

இந்தக் காப்பகத்தின் அருமை தெரிய வார்சாவுக்கு வடக்கே சுமார் 50 கி.மீ. தொலைவில் உள்ள நாஷெல்ஸ்க் ஊரின் படத்தைப் பாருங்கள். டேவிட் கர்ட்ஸ் என்ற அமெரிக்கர் 1938 ஆகஸ்டில் ஐரோப்பியச் சுற்றுலாவில் எடுத்த 14 நிமிடப் படத்தில், இந்த ஊர் வருவது மூன்று நிமிடம் மட்டும். கொஞ்சம் கோடாக்ரோம் வண்ணம், கொஞ்சம் கறுப்பு வெள்ளை. ஃபுளோரிடாவில் ஓர் அலமாரியில் கிடந்த சுருளை 2009இல் பேரன் கண்டெடுத்தார். அசிடேட் அடித்தளம் சிதைந்து, சுருங்கி, புரொஜெக்டரில் ஏற்றவே முடியாத நிலை. அசிடேட் சுருள் கெடும்போது வினிகர் நெடி அடிக்கும். சுருக்கம் ஒரு சதவீதத்தைத் தாண்டினாலே பக்கத்துத் துளைகள் பற்சக்கரத்தில் பொருந்தாமல் கிழியத் தொடங்கும். அருங்காட்சியகம் அதை மீட்டுப் பிரதி எடுத்து இணையத்தில் வைத்தது. எடுத்தது எந்த ஊர் என்பதே முதலில் குடும்பத்துக்கு உறுதியில்லை. தொழுகைக்கூடத்தை வைத்துத்தான் நாஷெல்ஸ்க் என்று முடிவானது. பிறகு 2011இல், இணையத்தில் படத்தைப் பார்த்த ஒரு பெண், முண்டியடிக்கும் சிறுவர்களில் ஒரு முகத்தைத் தன் தாத்தாவின் முகம் என்று அடையாளம் கண்டார். அந்தத் தாத்தா அப்போதும் உயிரோடு இருந்தார். மற்ற முகங்களுக்கும் பெயர் சொல்ல ஆள் கிடைத்தது. அந்த ஊரின் சுமார் 3,000 யூதர்களில் நூறு பேர்கூடப் போரில் தப்பவில்லை. பூட்டுப் போட்ட காப்பகத்தில், கட்டணச் சுவருக்குப் பின்னால் இந்தப் படம் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. இலவசமாகத் திறந்து வைப்பதன் பயனுக்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

வார்சாவுக்குத் திரும்புவோம். ஜூலியன் பிரையனின் தொகுப்பும் இங்கேதான். 1939 செப்டம்பர் 7 அன்று வார்சாவுக்குள் நுழைந்து 21ஆம் தேதிவரை இருந்த அமெரிக்கர். முற்றுகைக்குள் நகரமேயர் ஸ்டெஃபான் ஸ்டாஷின்ஸ்கி அவருக்குக் காரும் வழிகாட்டியும் கொடுத்து உதவினார். 1930களின் நடுவில் போலந்தில் அவர் எடுத்ததும் தொகுப்பில் உண்டு. முற்றுகைக்கு முன் ஒன்று, முற்றுகையில் ஒன்று என ஒரே கண் பார்த்த நாட்டை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். தொழில்முறை ஆள் என்பதால் சட்டகம் நிலையாக நிற்கும், ஃபோகஸ் தப்பாது. அதேசமயம், அவர் படம் உலகத்தின் ஆதரவைத் திரட்ட எடுக்கப்பட்டது. துயரத்தைக் காட்டக் கோணம் தேடியிருக்கிறார் என்பதை மறக்காமல் பார்க்க வேண்டும்.

இடத்தையும் காலத்தையும் உறுதிசெய்தல்

குறிப்பில் 'வார்சா, 1930கள்' என்று மட்டும் இருந்தால் மீதி வேலை நம்முடையது. பக்கத்திலேயே இரண்டு தளங்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வார்சா மாநகராட்சியின் வரைபடத் தளத்தில் 1935இலும் 1945இலும் எடுத்த வான்படங்களை இன்றைய வரைபடத்தின் மேல் ஏற்றிப் பார்க்கலாம். முதலாவதில் கூரையும் முற்றமும், இரண்டாவதில் அதே இடத்தில் வெறும் சுவர்க் கோடுகள். இன்னொன்று போருக்கு முந்தைய கட்டடங்களைத் தெருவாரியாகப் புகைப்படங்களோடு அடுக்கியிருக்கும் 'வார்ஷாவா1939' தளம். போலிஷ் தெரியாவிட்டாலும் உலாவியின் மொழிபெயர்ப்பு போதும்.

காலத்தைக் குறுக்கச் சில கட்டடங்கள் உதவும். சாக்சன் அரண்மனைக்கு முன்னால் பெரிய ரஷ்ய மரபுவழித் தேவாலயம் நின்றால் படம் 1920களின் நடுப்பகுதிக்கு முந்தையது; அதற்குள் அதை இடித்துவிட்டார்கள். அதே சதுக்கத்தில் பொனியாடோவ்ஸ்கியின் குதிரைச் சிலை இருந்தால் 1923க்குப் பிந்தையது. வானத்தை எட்டிப் பார்க்கும் ஒற்றைக் கோபுரக் கட்டடமாக 66 மீட்டர் புருடென்ஷியல் முழுசாக நின்றால் 1934 அல்லது அதற்குப் பிறகு. கோடாக்ரோம் வண்ணம் என்றால் 1935க்கு முன்னால் போக வழியே இல்லை. ட்வமாட்ஸ்கியே தெருவின் பெரிய தொழுகைக்கூடம் 1943 மே 16 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. சாக்சன் அரண்மனை 1944 டிசம்பர் இறுதியில். கோடாக் சுருளின் ஓரத்தில் ஆண்டைக் குறிக்கும் வட்டம், சதுரம், முக்கோணக் குறிகள் உண்டு. ஆனால் அவை 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வந்தன: 1938க்கும் 1958க்கும் ஒரே குறி. தவிரவும் அது சுருள் தயாரான ஆண்டு, படமெடுத்த ஆண்டல்ல. ஸ்கேன் செய்யும்போது ஓரம் வெட்டுப்பட்டுவிடுவதால் குறிப்பில் யாராவது எழுதி வைத்திருந்தால்தான் உண்டு.

கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பிய காட்சிகள் நாம் நினைப்பதைவிட அதிகம். சுருளைப் பக்கம் மாற்றி ஏற்றினால் போதும், இடம் வலமாகும். போலந்தில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். இடப்பக்கப் போக்குவரத்தில் பழகிய நம் கண்ணுக்குத் திரும்பிய படம்தான் இயல்பாகத் தெரியும் என்பதால் நமக்கு இரட்டிப்புக் கவனம் தேவை. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய யித்திஷ் மொழியின் பலகை நமக்குப் புரியாது. பக்கத்தில் இருக்கும் போலிஷ் எழுத்து நேராக இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்தே இல்லையென்றால் நிழல்: வார்சா வடக்கே 52 பாகை அட்சத்தில் இருப்பதால் நண்பகலில் நிழல் எப்போதும் வடக்கே விழும். தெருவின் திசை வரைபடத்தில் தெரிந்துவிட்டால் காட்சி திரும்பியிருக்கிறதா என்பது சில நிமிட வேலை. விஎல்சியில் டூல்ஸ், எஃபெக்ட்ஸ் அண்ட் ஃபில்டர்ஸ், வீடியோ எஃபெக்ட்ஸ், ஜியோமெட்ரி, டிரான்ஸ்ஃபார்ம் என்று போய்ப் படத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

ஆக்கிரமிப்புக் காலக் காட்சிகளில் நேரமும் இடமும் சரியாக இருந்தாலே போதாது. 1942 மே மாதம் ஜெர்மானியப் பிரசாரக் குழு ஒன்று வார்சா கெட்டோவுக்குள் படமெடுத்தது. விருந்து, நாடக அரங்கு, நல்ல உடுப்புப் பெண்கள், பக்கத்திலேயே பட்டினிப் பிணம். ஒலி சேர்க்காத அரைகுறைத் தொகுப்பு 1950களில் கிழக்கு ஜெர்மனிக் காப்பகத்தில் கிடைத்தது. பல காலம் அதிலிருந்து துண்டு துண்டாக எடுத்து உண்மைக் காட்சியாகவே பலரும் பயன்படுத்தினார்கள். 1998இல் வெட்டி ஒதுக்கிய துண்டுகள் கிடைத்தபோது, ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப நடிக்க வைத்து எடுத்தது வெளிச்சமானது. அருங்காட்சியகப் பக்கங்கள் எடுத்தவர் யார், எதற்காக என்பதைச் சொல்வதன் மதிப்பு இங்கேதான் தெரியும். அதே துண்டு பெயரில்லாத சானலில் வந்தால் 'கெட்டோவில் வாழ்க்கை' என்ற தலைப்போடு முடிந்துவிடும்.

மற்ற இடங்களையும் ஒப்பிட்டுவிடலாம். ஹீப்ரூ பல்கலைக்கழகக் காப்பகத்தின் யூடியூப் சானலில் வார்சா யூதர் வாழ்வைப் பற்றிய சுமார் 10 நிமிட யித்திஷ் படம் ஒன்று உண்டு. கோஸ்கிண்ட் சகோதரர்கள் 1938, 1939இல் ஆறு நகரங்களைப் பற்றி எடுத்த வரிசையில் ஒன்று. வூட்ஜ் நகரப் படம் தொலைந்துபோய் ஐந்துதான் மிஞ்சின. தொழில்முறை ஒலிப்படம் என்பதால் வேகச் சிக்கல் இல்லை. நலெவ்கியையும் கிராஷின்ஸ்கி பூங்காவையும் இவ்வளவு தெளிவாகக் காட்டும் படங்கள் அரிது. வெளிநாட்டு உறவினரை ஈர்க்க எடுத்ததால் ஊர் கொஞ்சம் சிங்காரித்துக்கொண்டு நிற்கும். முதன்முதலில் பார்ப்பவர்கள் இதிலிருந்து தொடங்கிவிட்டு வாஷிங்டன் காப்பகத்துக்கு வருவது நல்ல வரிசை.

பிரிட்டிஷ் பாத்தே 2014இல் 85,000 செய்திப்படங்களை யூடியூபில் ஏற்றியது. தேடல் வேகமானது, படமும் பொதுவாகத் தெளிவு. விளக்கத்தில் வரும் ஜி/வி என்பது பொதுக் காட்சி, எம்/எஸ் நடுத்தரத் தூரம், சி/யு அண்மை. தேதியில் கவனம் வேண்டும்: செய்திப்படம் திரையரங்குக்குப் போன தேதிதான் பெரும்பாலும் இருக்கும், எடுத்த தேதி அல்ல. போலந்தின் தேசியத் திரைப்படக் காப்பகத்து எண்மக் களஞ்சியத்தில் போருக்கு முந்தைய அரசுச் செய்திப்படங்கள் உண்டு. அணிவகுப்பும் திறப்பு விழாவும் போதுமானவர்களுக்கு நல்லது. இன்டர்நெட் ஆர்கைவில் கோப்பைத் தரவிறக்கிக்கொள்ளும் வசதிதான் பெரிய பலம். அங்கே எல்லாக் கோப்புகளின் பட்டியலையும் திறந்து, தானாக உருவான சிறிய எம்பி4ஐ விட்டுவிட்டு மூலக் கோப்பை எடுங்கள். ஆனால் விளக்கம் பதிவேற்றியவரின் அக்கறையைப் பொறுத்தது. தங்கமும் இருக்கும், தகரமும் இருக்கும்.

கடைசியில் அந்த வண்ணக் காணொளிகள். மென்பொருள் வண்ணத்தைக் கண்டுபிடிப்பதில்லை, ஊகிக்கிறது; கோட்டின் நிறம், கடைப் பலகையின் நிறம் எல்லாம் கற்பனை. 16 ஃபிரேமை 60 ஆக்கும்போது திரையில் பார்க்கும் ஏறத்தாழ நான்கில் மூன்று ஃபிரேம் எந்தக் கேமராவும் எடுக்காதவை. கூட்டத்தில் குறுக்கே நடப்பவரின் கால் உருகி ஒட்டுவதும், வண்டிச் சக்கர ஆரங்கள் வளைவதும், பலகை எழுத்து எந்த மொழியுமில்லாத கிறுக்கலாவதும் இதனால்தான். 16:9 ஆக்குவதற்காக மேலும் கீழும் வெட்டினால் சட்டகத்தில் கால்பங்கு போய்விடும், முதலில் போவது மாடி வரிசையும் கூரையும். அதாவது, கட்டடத்தை அடையாளம் காண எது வேண்டுமோ அதுவே. ரசிக்கப் பார்ப்பவரைக் குறைசொல்லவில்லை. அதிலிருந்து ஒரு படத்தை எடுத்து 'இதுதான் 1938 வார்சா' என்று கட்டுரையில் போடுவதைத்தான் சொல்கிறோம்.

வாஷிங்டன் காப்பகக் காட்சியைக் கட்டுரைக்கோ காணொளிக்கோ எடுக்க நினைத்தால் பக்கத்தின் உரிமைப் பகுதியைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். பொதுவுடைமை என்று இருந்தால் மூலத்தைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். உரிமை வேறு காப்பகத்திடம் என்று இருந்தால் அங்கேதான் கேட்க வேண்டும். அருங்காட்சியகம் கொடுக்க முடியாது. திரைப்பதிவு செய்து ஒட்டவைப்பதைவிட நல்ல பிரதிக்கு எழுதிக் கேட்பது மேல், ஆனால் உடனே கைக்கு வரும் என்று அட்டவணை போடாதீர்கள். குறிப்பெடுக்கும்போது இணைய முகவரியை மட்டும் நம்பாமல் ஆர்ஜி எண், ஃபிலிம் ஐடி, பட்டியலில் உள்ள டைம்கோடு மூன்றையும் எழுதி வையுங்கள். பட்டியல் நேரம், கழித்து வந்த திரை நேரம் எது என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பில் பிழை கண்டாலோ ஒரு தெருவை அடையாளம் கண்டாலோ காப்பகத்துக்கு எழுதலாம். அப்போதும் இந்த மூன்று எண்களோடு எழுதினால்தான் அவர்களால் அந்த ஃபிரேமைத் திறந்து பார்க்க முடியும்.